பெரியவங்களுக்கான பொம்மைப் படம்

மேல் லயம்,
ரிங்லெட்.
செவ்வாய்க்கிழமை, காலை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை யோகேஸ் அவர்களுக்கு, மாமனார் சிங்காரம் எழுதுவது. கோலாலம்பூரில் தாங்களும் மகள் ரேகாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் சுகம் என்று எழுத மூன்று தடவை பேனாவை வைத்துப் பார்த்தேன், கை வரவில்லை. அந்த வரியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.

கைப்பேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். குடும்பக் குழுவில் போட்டால் ரேகா படிப்பாள், ரேகா படித்தால் அவள் அம்மாவுக்கு அனுப்புவாள், அவள் அம்மாவுக்குப் போனால் கீழே லெம்பா பெர்த்தாமில் அவள் தங்கச்சி வீட்டுச் சனமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். தங்களுக்குத் தனியாக அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்த மஞ்சள் கையை அனுப்புவீர்கள். போன வாரம் 'அத்தை வீட்டைவிட்டுப் போய்விட்டாள்' என்று நான் அனுப்பியதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. படித்தேன் என்று அர்த்தமா, நல்ல காரியம் என்று அர்த்தமா என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

விசயம் இதுதான். தங்கள் படத்தால் என் வீடு காலியாகிவிட்டது. தாங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று சொல்ல வரவில்லை, மாப்பிள்ளையை அப்படிச் சொல்கிற குடும்பம் இல்லை நாங்கள். ஆனால் படத்தை அனுப்பும்போது தாங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, இது பெரியவங்களுக்கான கார்ட்டூன், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று சொன்னீர்கள். நம் தேயிலைத் தோட்டத்தில் பெரியவங்க என்றால் யார்? அறுபது தாண்டியவர்கள், மூத்தோர் சங்கத்தில் பேர் பதிந்தவர்கள், கோயிலில் கேட்காமலே நாற்காலி கிடைக்கிறவர்கள். பதினெட்டு வயதுக்காரனைப் பெரியவங்க என்று எந்தத் தமிழன் சொல்லுவான்? பதினெட்டு வயதுக்காரனை நாம் 'டேய்' என்கிறோம். எல்லோரும் சின்னப் பிள்ளைகளுக்கே பொம்மைப் படம் எடுக்கிறார்கள், நம் மாப்பிள்ளை ஒருவர்தான் வயசாளிகளை நினைத்து ஒன்று எடுத்திருக்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சங்கத்துச் செயலாளர் வேறு நான். ஒரு தடவை முன்னாடியே போட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். மாப்பிள்ளை எடுத்த படத்தைச் சோதிப்பது சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று பார்க்கவில்லை. கோயில் மண்டபத்துக்குச் சொல்லி, ஞாயிறு மத்தியானம் மூன்று மணி என்று நானே கைப்பட போஸ்டர் எழுதினேன். 'முற்றிலும் பெரியவர்களுக்கானது. மூத்தோர் திரண்டு வருக. பேரப்பிள்ளைகளையும் அழைத்து வரலாம்.' லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் இருக்கிற அறிவிப்புப் பலகையில் இடமே இல்லை. நடுவில் மலாயில் ஏதோ பெரிய மஞ்சள் நோட்டீஸ் இருந்தது, அதன் மேலேயே ஒட்டினேன்.

தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ரெங்கசாமி ஐயாதான் சிறப்பு விருந்தினர். அவர் குத்துவிளக்கு ஏற்றினார். மணியம்மா தேவாரம் பாடினார். கருப்பையா, அதான் நம்ம பக்கத்து வீட்டுக் கருப்பையா, விளக்குகளை அணைத்தார். திரையில் முதலில் ஒரு குண்டு விழுந்தது. புகை விலகியதும் ஆண் பொம்மைகளும் பெண் பொம்மைகளும் வரிசையாக நின்றன, ஒன்றுக்கும் உடுப்பு இல்லை. அணுகுண்டு வெடித்தால் உடுப்பு எரிந்துவிடும் என்று தாங்கள் பின்னால் விளக்கம் சொன்னீர்கள். அங்கே விளக்கம் சொல்ல ஆள் இல்லை. அப்புறம் ஒரு பொம்மை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னது, அந்த வார்த்தையை இந்த மண்டபத்தில் கடைசியாகச் சொன்னவனைக் கோயில் கமிட்டி ஒரு வருசம் தள்ளி வைத்தது. நான் படத்தை நிறுத்தலாம் என்று எழுந்தேன். ஆனால் சிறப்பு விருந்தினர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது செயலாளர் எப்படி நிறுத்துவது? ரெங்கசாமி ஐயா என்னடா என்றால், செயலாளரே நிறுத்தாத படத்தில் ஏதோ தத்துவம் இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். உடுப்பெல்லாம் எரிந்திருக்கிறதே, தலைமுடி மட்டும் எப்படி எரியாமல் இருக்கிறது என்று மட்டும் குனிந்து என்னிடம் கேட்டார். தங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும் மாப்பிள்ளை. உடுப்பில்லாத பொம்மையைப் பார்த்து யாருக்கும் குடும்பம் பிரியாது. படத்தின் கதை எங்களுக்குப் புரிந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. உலகம் ரெண்டாய்ப் பிரிந்து கிடக்கிறது, இந்தப் பக்கம் ஆம்பளைங்க நாடு, அந்தப் பக்கம் பொம்பளைங்க நாடு, ரெண்டு பக்கமும் அணுகுண்டு. எதற்குப் பிரிந்தார்கள்? கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அடுப்பை அணைச்சது யாரு என்ற சண்டையில் பிரிந்தார்கள். படத்துக்குப் பேரும் அதுதான். ஆம்பளைங்க நாட்டுத் தலைவன் ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவன். யுரேனியத்தைத் தராசில் வைத்து நிறுத்து, ரெண்டு கிலோ ஈரம் என்று கழித்து எழுதுகிறான். மண்டபத்தில் முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது. இந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருசம் கிராணியாக இருந்து கொழுந்து நிறுத்தவன் நான். மழை நாளில் கூடைக்கு ரெண்டு கிலோ ஈரம் கழிப்பது கம்பெனி போட்ட சட்டம், நான் போட்டது இல்லை. ஆனால் உங்க அத்தை வசுமதி கொழுந்தெடுக்க வந்த முதல் நாளே அவளுடைய கூடையிலும் கழித்தேன், அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அதில் விழுந்துதான் பெண் கேட்டுப் போனேன். அதை அவள் முப்பத்தாறு வருசமாகச் சொல்லிக் காட்டுகிறாள். பொம்பளைங்க நாட்டுத் தலைவி திரையில் வந்து, "அன்னைக்கே என் கூடையில ரெண்டு கிலோ கழிச்ச ஆளுதானே" என்றபோது, மண்டபமே திரும்பி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தது. அது பொம்மைக் குரல் இல்லை. வசுமதி குரல்.

பொங்கலுக்கு நாலு நாள் வந்திருந்தீர்களே, அப்போது அரிசி போட்டு வைக்கிற தோம்பு மேலே கைப்பேசியை வைத்து, "நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருங்க மாமா, சத்தம் எப்படி விழுதுன்னு பாக்குறேன்" என்றீர்கள். நாங்கள் பாட்டுக்குப் பேசினோம். நாங்கள் பாட்டுக்குப் பேசினால் அது சண்டையாகத்தான் இருக்கும் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது ஒரு தாளை நீட்டினீர்கள், கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை நீட்டுகிற தாளை வாங்கிப் படித்துப் பார்ப்பது அழகா என்று நினைத்தேன். நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்னு உனக்கு... மன்னிக்கவும். தாங்கள் என்ன காரியம் செய்திருக்கிறீர்கள் என்று தங்களுக்குத் தெரியவில்லை. அழிக்கிற வெள்ளை மை வீட்டில் இல்லை, எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்கவும் ஆள் இல்லை. அதனால் அந்த வரி அப்படியே இருக்கிறது, பெரிய மனசு பண்ணவும்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். பொய் சொல்ல மாட்டேன், நானும் சிரித்தேன், வசுமதியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அந்தக் கிராணி பொம்மை பேச ஆரம்பித்தது. தலைவி எதைச் சொன்னாலும் "உனக்கென்ன தெரியும்" என்றது. குண்டு வேண்டாம் என்றாள், உனக்கென்ன தெரியும். பிள்ளைங்க இருக்காங்க என்றாள், உனக்கென்ன தெரியும். பொத்தான் சூடாக இருக்கிறது, ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்றாள், உனக்கென்ன தெரியும். நாலாவது தடவைக்கு மண்டபமே பொம்மைக்கு முந்தி அதைச் சொல்லியது, பேரப்பிள்ளைங்க எல்லாம் பாட்டு மாதிரி பாடுதுங்க. நான் பக்கத்தில் இருந்த கருப்பையாவிடம், "யாருய்யா இவன், பொண்டாட்டியைப் பேச விடாம இப்படி எடுத்தெறிஞ்சு பேசுறான்" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன் மாப்பிள்ளை. என் குரலை நான் வெளியில் இருந்து கேட்டதே இல்லை. கருப்பையா என் தொடையைத் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வசுமதியைப் பார்த்தேன், முந்தானை கீழே இறங்கியிருந்தது, சிரிப்பு இல்லை.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அதுக்குத்தான் இந்தக் கடிதம். குண்டு கிளம்பிவிட்டது, சைரன் அலறுகிறது, அதை நிறுத்துகிற இயந்திரம் தலைவி பக்கம் இருக்கிறது. இயந்திரம் கேட்கிறது, "உங்கள் கணவர் பெயரைச் சொல்லவும்." பத்து எண்ணுவதற்குள் சொல்ல வேண்டும். அவள், "நம்ம ரேகா அப்பா" என்கிறாள். தவறு, ஒன்பது. "தோட்டத்துக் கிராணி." தவறு, எட்டு. "முருகனுக்கு ஒரு பேரு இருக்குல்ல, அதுல பாதி." தவறு, ஏழு. "அலங்காரம் இருக்குல்ல, அதுல முன்னாடி மட்டும் வேற மாதிரி வரும்." தவறு, ஆறு. இது தாங்கள் எழுதிய வசனம் இல்லை. நான் வெளியே மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தபோது, "அத்தை, மாமா பேரு என்ன, நீங்களே சொல்லுங்க" என்று அவளைச் சீண்டியிருக்கிறீர்கள், அவள் வெட்கப்பட்டுச் சுற்றிச் சுற்றிச் சொன்னதை எல்லாம் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். மண்டபத்தில் இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் எழுந்து நின்று அந்தப் பொம்மைக்கு எடுத்துக் கொடுத்தார்கள், "சிங்காரம், சிங்காரம்னு சொல்லுடி." மணியம்மாகூடக் கத்தினார், தேவாரம் பாடின அதே வாயால். மண்டபமே என் பேரைச் சொல்லுது மாப்பிள்ளை, சொல்ல வேண்டியவ ஒருத்தி மட்டும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. மூணு, ரெண்டு, ஒண்ணு. உலகம் வெடிச்சுப் போச்சு. விளக்குப் போட்டாங்க. ரெங்கசாமி ஐயா மைக்கைப் பிடிச்சு, "சிந்திக்க வேண்டிய படம்"னு சொல்லிட்டு டீ குடிக்காமலே போயிட்டாரு.

மறுநாள் காலையில எல்லா வீட்டுலயும் படம் ஓடுது. கருப்பையா குளிக்கச் சுடுதண்ணி கேட்டிருக்காரு, அவர் சம்சாரம் மாரியம்மா, "அது ஆம்பளைங்க நாட்டு வேலை, வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கேளுங்க"ன்னு சொல்லிட்டாங்க. கேமரன்மலைப் பச்சைத் தண்ணியில அவர் குளிச்ச சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. அவங்களாவது சத்தம் போட்டு முடிச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுல சத்தமே இல்ல. வசுமதி தோட்டத்து டீக்கடைக்கு, அதான் சுற்றுலாக்காரங்களுக்கு டீ விக்கிற அந்தக் கவுண்டருக்கு, போன் போட்டுப் பதினோரு நாள் லீவு சொன்னா. பையை எடுத்தா. நான் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தேன். வாசல்ல நின்னு, "எனக்கென்ன தெரியும். நான் போறேன்"னு சொன்னா. மாப்பிள்ளை, போயிட்டு வரேன்னு சொல்லல. போறேன்னு சொன்னா. சாவு வீட்டுலதான் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்க. லெம்பா பெர்த்தாம்ல அவ தங்கச்சி புவனேஸ் வீட்டுக்குப் போற காய்கறி லோரியில ஏறி உக்காந்துட்டா.

கொஞ்சம் என்னை நானே அடக்கிக்கொள்கிறேன், எழுத்து ஓடுகிறது.

அவளைக் கூப்பிடவில்லையா என்றால், கூப்பிட்டேன். போன் எடுக்கவில்லை. லோரி ஓட்டுகிற மகேனிடம், "சோறு வேகலைன்னு அக்காகிட்டச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது, "தண்ணி ஊத்தச் சொன்னாங்க அங்கிள்." அதற்கு அடுத்த நாள், "அங்கிளுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு" என்று அனுப்பினேன். "எந்த எடத்துலன்னு கேக்குறாங்க" என்றான். நானே ஒரு நாள் போனேன். பிளாஸ்டிக் கொட்டகைக்குள்ளே உட்கார்ந்து கோஸ் இலை கழித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. புவனேஸ்தான், "மாமா, பசியாறிட்டுப் போங்க" என்றாள். பசியாறினேன், வந்துவிட்டேன். பேசலாம் என்றுதான் போனேன். ஆனால் என்னத்தைப் பேசினாலும் முதலில் அந்த ரெண்டு வார்த்தை வாயில் வந்து நிற்கிறது, வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருசமாக நான் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமையோடு அவள் லீவு முடிகிறது. அவள் வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் இந்த வீடும் போய்விடும், என் வேலை ஓய்வோடு முடிந்தது, இது அவள் பேரில் கம்பெனி கொடுத்த லயத்து வீடு, நான் இதில் விருந்தாளி. வீடு போனால் போகட்டும். நேற்றுச் சாயந்திரம் கோயிலுக்குக் கிளம்பினேன். வாசல் தாண்டி ரெண்டு அடி வைத்ததும் கேஸ் தோம்பின் வால்வை மூடினேனா என்று சந்தேகம். திரும்பி வந்து பார்த்தேன், மூடியிருந்தது. திரும்பக் கிளம்பினேன், திரும்பச் சந்தேகம். நாலு தடவை இப்படி. இத்தனை வருசமும் "அடுப்பை அணைச்சியா" என்று நான் கேட்பேன், "அணைச்சாச்சு, நடங்க" என்று அவள் சொல்லுவாள், எரிச்சலாய்த்தான் சொல்லுவாள், ஆனால் அதைக் கேட்டால்தான் என் கால் நகரும் என்பது எனக்குத் தெரியாது. நாலாவது தடவை அடுப்புக்கு முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மாப்பிள்ளை. இதை ஒரு மாமனார் எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

ஆகையால் தங்களிடம் கெஞ்சிக் கேட்பது என்னவென்றால், அந்தக் கடைசிக் காட்சியை மாற்றி எடுக்கவும். உலகம் அழியக்கூடாது. பொம்மைதானே, மாற்றுவதற்கு எத்தனை நேரம் ஆகும். ரெண்டு என்று எண்ணும்போது தலைவி பேரைச் சொல்லிவிட வேண்டும், குண்டு பாதி வழியில் நின்று கடலில் விழ வேண்டும். அவள் பேரைச் சொல்லமாட்டாள் என்றால், இயந்திரத்துக்குக் கொஞ்சம் புத்தி வைக்கவும். 'ரேகா அப்பா' என்றால் யார் என்று இந்தத் தோட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அணுகுண்டை நிறுத்துகிற இயந்திரத்துக்குத் தெரியாதா? அப்புறம் அந்தக் கிராணி குரல். அதை எடுத்துவிட்டு வேறு யார் குரலையாவது போடவும். முடியாது என்றால் அந்த ரெண்டு வார்த்தை வருகிற இடத்தில் எல்லாம் நாய் குரைக்கிற சத்தத்தைப் போடவும், பொருத்தமாகத்தான் இருக்கும். மாற்றிய படத்தை முதலில் தங்கள் அத்தைக்கு அனுப்பவும். அவள் அதைப் பார்த்தால் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தங்கள் தொழில் மேலும் மேலும் ஓங்கட்டும், உடுப்போடு ஓங்கட்டும். ரேகா நல்லபடி நீடூழி வாழ வேண்டும், அவளிடம் தாங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை ஒரு நாள் அரிசித் தோம்பு மேலே கைப்பேசியை வைத்துத் தாங்களே கேட்டுப் பார்க்கவும். இதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள் நலம் விரும்பும்,
மாமனார் மு. சிங்காரம்
செயலாளர் (தற்காலிக நீக்கம்), மூத்தோர் சங்கம்.

பின்குறிப்பு: இதை லெம்பா பெர்த்தாமில் ரோட்டோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, உறையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதுகிறேன். மேலே எழுதியிருக்கிற எதையும் செய்ய வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

கடிதத்தை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டி வரை போனேன். போடவில்லை. மாப்பிள்ளைக்கு எழுதத் தெரிந்தவன், எழுதினதைப் பொண்டாட்டியிடமே காட்டினால் என்ன என்று தோன்றியது. புவனேஸுக்குப் போன் போட்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மோட்டாரை எடுத்துக் கீழே லெம்பா பெர்த்தாம் பக்கம் விட்டேன். தூறல், பனி மூட்டம், மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டிருந்தேன். பாதி வழியில் அணைக்கட்டு சைரன் அலற ஆரம்பித்தது. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ரெண்டாயிரத்துப் பதிமூணில் அணையைத் திறந்துவிட்டுச் சேறு வந்தபோது புவனேஸ் வீட்டுச் சன்னல் வரை ஏறி நின்றதைப் பார்த்தவன் நான். சனங்கள் கொட்டகையை விட்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரோ "அணை, அணை" என்று சொல்லிக்கொண்டே போனார், அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நொடி அடுப்புத்தான் ஞாபகம் வந்தது. வசுமதி கீழே இருப்பாள் என்று நினைத்து நான் இன்னும் கீழே விட்டேன்.

அவள் ஏற்கெனவே மேலே ஏறி வந்திருக்கிறாள். நான் வருகிறேன் என்பதால் கூட்டத்தை விட்டுப் பாதை ஓரத்தில் வந்து நின்று போகிற மோட்டாரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எல்லாருக்கும் அதே நீல மழைக்கோட்டு, யாருக்கும் முகம் இல்லை. என் மோட்டார் அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. "இந்தாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள், யாரும் திரும்பவில்லை. "ரேகா அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறாள், தக்காளி போடுகிற ஒருவர் நின்றுவிட்டார், அவர் மகள் பேரும் ரேகாவாம். நான் பாலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அப்போது சைரனைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது.

"சிங்காரம். நில்லு, சிங்காரம்."

பிரேக்கைப் பிடித்த வேகத்தில் மோட்டாரோடு கால்வாயில் போய் விழுந்தேன். முட்டி ரெண்டும் தேய்ந்துவிட்டது. அவள் ஓடி வந்து என் மழைக்கோட்டைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். முப்பத்தாறு வருசம் ஆயிற்று மாப்பிள்ளை, என் பேர் அவள் வாயில் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அழுதுகொண்டே கால்வாயில் நின்றேன், மழையில் அது தெரிந்திருக்காது.

சைரன் நின்றது. ஒலிபெருக்கியில் மலாயில், "உஜியான், உஜியான்" என்று மூன்று தடவை சொன்னார்கள். சோதனைதான், மேட்டுக்கு ஏறிப் பழகுகிறார்கள், ரெண்டு வாரம் முன்பே எல்லா இடத்திலும் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். நம் லயத்து நோட்டீஸ் மேலேதான் தங்கள் படத்துக்கு நான் எழுதின போஸ்டர் இருக்கிறது. வசுமதி என் கையை விட்டாள். "டெஸ்ட்டுன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள். பின்னால் குடையோடு வந்த புவனேஸ், "காலைல பசியாறும்போதே சொன்னேனே அக்கா" என்றாள். "காதுல விழல" என்று வசுமதி தரையைப் பார்த்தாள். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன், தாங்களும் கேட்கக் கூடாது.

ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். பழக்க தோசம், "உனக்கென்ன" என்று வந்துவிட்டது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்புறம், "உனக்கென்ன வேணும், குடிக்க" என்று முடித்தேன். "தே ஓ, சீனி கம்மியா" என்றாள். அந்தப் பால் விடாத டீயைத்தான் இப்போது குடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள், நாய் குரைக்கிற யோசனை நல்லாத்தான் இருக்கிறது என்கிறாள்.

ஆனால் கடைசிக் காட்சியில் கை வைக்க வேண்டாம். அந்தப் பொம்மை என் பேரைச் சொன்னால் போகிற வருகிறவன் எல்லாம் கேட்பான். அது எனக்கு ஒருத்தனுக்குக் கேட்டால் போதும். உலகம் அழிந்தால் அழியட்டும்.

இன்னும் ரெண்டு வரி எழுதலாம் என்று பார்த்தேன், அதற்குள், "காலைல அடுப்பை அணைச்சிட்டுத்தானே வந்தீங்க" என்று கேட்கிறாள். யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. "உங்களுக்கென்ன தெரியும், எந்திரிங்க, போலாம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மோட்டாரில் போய் உட்கார்ந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.